களிமண்ணில் பார்க்காத முகத்தை வெண்கலத்தில் தேடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைவர்களுக்கும் தமிழறிஞர்களுக்கும் சிலை எழுப்ப வேண்டும் என்ற பேச்சு சங்கக் கூட்டங்களிலும் தமிழ்ப்பள்ளி வாரியக் கூட்டங்களிலும் அடிக்கடி எழுகிறது. நல்ல பேச்சுதான். ஆனால் கணக்கு வழக்கமாகத் தலைகீழாகத் தொடங்குகிறது. முதலில் பிரமுகரின் தேதி, பிறகு பந்தல், சாப்பாடு, அழைப்பிதழ், கடைசியில்தான் சிற்பி. நூற்றாண்டு விழாவுக்கு நாலு மாதம் இருக்கும்போது "எப்படியாவது முடித்துக் கொடுங்கள்" என்று பட்டறை வாசலில் வந்து நிற்பார்கள். திரை விலகியதும் முன்வரிசை கை தட்டும், பின்வரிசை "யாரு இது?" என்று கேட்கும்.

ஆளுயரத்துக்குச் சற்று மேற்பட்ட வெண்கலச் சிலைக்கு ஓராண்டு பிடிக்கும். அதில் ஏறத்தாழ மூன்று மாதம் களிமண் வேலை. வார்ப்புக்கும் அச்சு உலர்வதற்கும் உரிய நாட்களை யார் கெஞ்சினாலும் குறைக்க முடியாது. அதனால் அவசரம் என்று வந்தால் வெட்டு விழுவது களிமண் மாதங்கள் மேல்தான். முகம் பிறப்பதோ அந்த மாதங்களில். சிலை வைக்க நினைக்கும் சங்கத்தார் கவனத்துக்காகவே இந்தக் கடிதம்.

முதல் இரண்டு மாதம் மண்ணைத் தொடவே கூடாது. படம் சேர்க்க வேண்டும். நேர்முகம் ஒன்று, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, முழு உருவம் ஒன்று, பேசும்போதோ சிரிக்கும்போதோ எடுத்தது ஒன்று. இந்த ஐந்தும் கிடைத்தால் சிற்பி பாக்கியசாலி. பெரும்பாலும் கிடைப்பது சுவரில் மாலை போட்டு மாட்டிய ஒரே ஒரு ஸ்டுடியோ படம். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் பிலிமின் மேலேயே பென்சிலால் தடவிச் சுருக்கங்களை மறைத்துவிடுவார்கள். கன்னம் பளிங்கு போல இருக்கும். அதை நம்பிச் செய்தால் பொம்மைதான் வரும். மிக அருகில் நின்று எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகி, காது பின்னுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி எடுத்த படத்தில்தான் அளவு சரியாக இருக்கும்.

இடவலம் மாறி அச்சான படங்களும் உண்டு. பத்திரிகையிலிருந்து வெட்டியது, மலரிலிருந்து எடுத்தது என்று கைமாறி வரும்போது எங்கோ ஓரிடத்தில் பிலிமைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். கண்டுபிடிக்க எளிய வழி சட்டைதான். ஆண்கள் சட்டையில் பை இடது மார்பில் இருக்கும். பொத்தான் வரிசையில் இடப்பக்கத் துணி மேலே வரும். படத்தில் மாறி இருந்தால் வகிடும் மச்சமும் மாறித்தான் இருக்கும். ஒரு மச்சம் தவறான கன்னத்தில் ஏறிவிட்டால் குடும்பத்தார் நூறு ஆண்டானாலும் மன்னிக்க மாட்டார்கள்.

வயதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். நாற்பது வயது முடியும் அறுபது வயதுக் கன்னமும் சேர்ந்தால் அப்படி ஓர் ஆள் எந்நாளும் வாழ்ந்திருக்க மாட்டார். மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவராக இருந்த துன் சம்பந்தன் (1919–1979) போன்றவர்களுக்குப் படங்களுக்குக் குறைவில்லை. அங்கே சிக்கல் எந்த ஆண்டைத் தேர்வது என்பதுதான். 1949-இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி போன்றவர்களுக்கு நிலைமை நேர் எதிர். கிடைக்கும் ஓரிரு படங்களை வைத்துக்கொண்டு காது, தாடை, கழுத்து எல்லாவற்றையும் ஊகிக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு முழு உருவம் வேண்டாம், மார்பளவோ சுவரில் பதிக்கும் புடைப்போ போதும் என்பது எங்கள் எண்ணம். ஊகம் குறையும்.

படமே இல்லாதவர்களுக்கு? இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் பிரான்சிஸ் லைட் சிலை, அவர் நிறுவிய பினாங்கு குடியேற்றத்தின் 150-ஆம் ஆண்டை ஒட்டி 1936-இல் எப். ஜே. வில்காக்சன் என்ற சிற்பி செய்தது. லைட்டின் உருவப்படம் கிடைக்காததால் அவருடைய மகன் வில்லியம் லைட்டின் சாயலைக் கொண்டு முகம் அமைத்தார்கள். ஆக, சுற்றுப்பயணிகள் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வது மகனின் முகத்தோடுதான். அதில் தவறில்லை, ஓர் ஆதாரத்தைப் பிடித்துச் செய்தார்கள். வள்ளுவருக்கு இன்று நாம் அடையாளம் காணும் முகம் ஓவியர் வேணுகோபால் சர்மா தீட்டியது. தாடி, கொண்டை, ஓலை, எழுத்தாணி என்று மக்கள் மனதில் அது ஊன்றிவிட்டது. அங்கே புதுமை செய்யப் புறப்பட்டால் கீழே பெயர்ப்பலகை வைத்துத்தான் விளக்க வேண்டிவரும். கடாரம் வரை படை அனுப்பிய ராஜேந்திர சோழனுக்கு, கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேச அனுக்கிரகச் சிற்பத்தில் சிவன் பூமாலை சூட்டும் உருவத்தைச் சிலர் காட்டுவார்கள். அது சிவனடியாரான சண்டேசர். அந்தக் காலத்து முடியமைப்புக்கும் அணிகலனுக்கும் அதைப் பார்க்கலாம். முகத்துக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது.

மூன்றாவது மாதம் சிறு மாதிரி. 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரம் போதும். நிற்பதா உட்காருவதா, கை எங்கே, துண்டு எந்தத் தோளில் என்ற சண்டையெல்லாம் இந்த மாதிரியோடு முடிந்துவிட வேண்டும். இதே மாதத்தில் சிலை நிற்கப்போகும் இடத்தையும் போய்ப் பார்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு 5 பாகைக்குச் சற்று வடக்கே இருக்கிறது. கோலாலம்பூர் 3 பாகை. நம் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1 மணி தாண்டி. அப்போது வெயில் நேரே மண்டையில் இறங்க, புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும், மூக்கின் நிழல் மீசை போல விழும். ஐரோப்பியப் புத்தகங்களில் உள்ள சிலைகளைப் பார்த்துக் கண்குழியை ஆழமாக வெட்டினால் இங்கே கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புப் பொந்துதான் தெரியும். புருவத்தைக் கொஞ்சம் அடக்கி, கருவிழியைக் குடைந்து, அதன் மேல் ஓரத்தில் நெல்மணி அளவு ஒரு துணுக்கை விட்டுவைக்க வேண்டும். அந்தத் துணுக்கில் வெளிச்சம் பட்டால்தான் பார்வை வரும். தெய்வச் சிலைக்குக் கண் திறப்பது கடைசியில். மனிதர் சிலைக்கு அது களிமண்ணிலேயே நடந்தாக வேண்டும்.

எந்தத் திசை? வடக்கு பார்த்து நிறுத்தினால் ஏறத்தாழ அரையாண்டு, செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை, வெயில் முதுகுப் பக்கம். படம் எடுத்தால் முகம் கறுத்திருக்கும். விழா மாலையில் நடக்கும் இடமென்றால் மேற்கு பார்த்தது நல்லது. காலையில் பிள்ளைகள் கூடும் பள்ளி என்றால் கிழக்கு.

வெளியில் வைக்கும் சிலை மனித அளவிலேயே இருந்தால் சிறுத்துத் தெரியும். ஒன்றேகால் மடங்கு, அதாவது 2.1 மீட்டர் அளவில் செய்வது வழக்கம். பீடம் 1.5 மீட்டர் என்றால் உச்சந்தலை 3.6 மீட்டரில் நிற்கும். பார்க்கிறவரின் கண் மட்டம் 1.6 மீட்டர்தான். கீழிருந்து பார்க்கும்போது தாடை பெருத்து நெற்றி குறுகும். ஆகவே தலையை மட்டும் களிமண்ணில் தனியே செய்து, சாரத்தின் மேல் அதே உயரத்தில் ஏற்றி, கீழே நின்று பார்த்துத் திருத்த வேண்டும். மேசை மட்டத்தில் அச்சு அசலாக இருந்த முகம் மேலே ஏறியதும் வேறு ஆளாக மாறுவதைப் பார்த்த பிறகுதான் குழுவினர் பலருக்கு இந்தக் களிமண் மாதங்களின் அருமை தெரிகிறது.

களிமண்ணுக்கு உள்ளே இரும்புக் குழாயும் கம்பியும் கொண்ட கூடு. அதன் மேல் நுரைக்கட்டை, கோழிக்கூட்டு வலை. மண் கனம் 4, 5 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் முழு உருவத்துக்கு 300 முதல் 400 கிலோ மண் போதும். கூட்டில் சிறு மரச் சிலுவைகளைக் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். அவை இல்லாவிட்டால் ஈர மண் தன் பாரத்தாலேயே இரவோடு இரவாக வழுக்கி இறங்கும். காலையில் தோள் இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும். ஈரச் சாக்கும் பிளாஸ்டிக்கும் போர்த்தி வைப்பதால் நம் பருவநிலையில் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். தெளிக்கும் தண்ணீரில் கொஞ்சம் டெட்டால் விட்டால் அடங்கும். மின்விசிறியைச் சிலையின் பக்கம் திருப்பி வைக்காதீர்கள். மூக்கும் காதும் முதலில் வெடிக்கும்.

குழு இரண்டு முறை வந்து பார்த்தால் போதும்: உடல் திரண்ட நிலையில் ஒரு முறை, முகமும் மடிப்பும் முடிந்த நிலையில் ஒரு முறை. வருகிறவர்கள் மூன்று பேர் இருக்கட்டும். குடும்பத்தில் ஒருவர், அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர், செயலாளர். பதினைந்து பேர் வந்தால் ஆளுக்கொரு மூக்குச் சொல்வார்கள். குடும்பத்தார் நினைவில் நிற்பது பெரும்பாலும் நோயில் இளைத்த கடைசிக்கால முகம். ஊராருக்கு மேடையில் கண்ட முகம். அதனால்தான் இருவரும் சேர்ந்து வர வேண்டும். சம்மதம் ஆனதும் எட்டுத் திசையிலிருந்தும் படம் எடுத்து, படத்தின் பின்னால் கையொப்பம் வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. முன்பணம் 30 விழுக்காடு, இந்தக் கையொப்பத்தின்போது 30, வார்ப்பு முடிந்து 30, நிறுவிய பிறகு 10 என்று பிரித்தால் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை.

அடுத்து அச்சு. சிலிக்கான் ரப்பரை நாலு பூச்சாக 8 முதல் 10 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி, மேலே பிளாஸ்டர் அல்லது பைபர் ஓடு போட வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. காயாத எண்ணெய்க் களிமண்ணில் சில வகைகளில் கந்தகம் கலந்திருக்கும். பிளாட்டினம் வகை சிலிக்கான் கந்தகம் பட்டால் இறுகவே இறுகாது. பாகு போல முகத்தில் ஒட்டிக்கொள்ளும். வழித்தெடுக்கும்போது மூன்று மாத வேலையும் அதோடு போகும். சுண்டுவிரல் அளவு களிமண்ணில் பூசி ஒருநாள் வைத்துப் பார்க்கிற சோதனைக்குச் செலவே இல்லை.

அச்சுக்குள் 5 மில்லிமீட்டர் கனத்தில் மெழுகு ஏற்றி எடுத்தால் சிலை மெழுகில் வந்துவிடும். தையல் கோட்டை வழிப்பதும், அமுங்கிப்போன உதட்டோரத்தைக் கூராக்குவதும் இப்போது. சிற்பியே இதைச் செய்ய வேண்டும். வார்ப்புப் பட்டறைப் பையன் செய்தால் அவன் மனதில் உள்ள உதடுதான் வரும். சுவாமிமலை ஸ்தபதிகள் தெய்வத் திருமேனியை உள்ளே வெற்றிடம் இல்லாமல் கனமாக வார்ப்பார்கள். காவிரி வண்டல் மண்ணைக் குழைத்து மெழுகின் மேல் பூசுவார்கள். 2.1 மீட்டர் மனித உருவத்தை அப்படிக் கனமாக வார்த்தால் ஒரு டன்னைத் தாண்டும். கனத்த இடமும் மெல்லிய இடமும் வேறு வேறு வேகத்தில் ஆறுவதால் வெடிக்கவும் செய்யும். உள்ளே வெற்றிடம் விட்டு வார்த்தால் 200, 250 கிலோவில் முடிந்துவிடும்.

இப்போதைய பட்டறைகளில் மெழுகைச் சிலிக்காக் குழம்பில் முக்கி, மேலே மணல் தூவி, ஏழு முதல் ஒன்பது பூச்சு ஓடு கட்டுகிறார்கள். ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. நம் ஊர் ஈரக்காற்றில் காற்றின் ஈரத்தை இழுக்கும் இயந்திரம் இல்லாத அறையில் காயவைத்தால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். மெழுகை உருக்கும்போது ஓடு பிளந்துவிடும். "கிறிஸ்துமஸுக்குள் முடியுமா" என்று கேட்பவர்கள் நவம்பர் மழையை நினைத்துக்கொள்ள வேண்டும். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகம் 1,100 பாகை செல்சியஸுக்கு மேல் இறங்கும். எடைக் கணக்கு எளிது: மெழுகின் எடையைப் பத்தால் பெருக்கி, உலோகம் ஓடும் குழாய்களுக்கும் ஊற்றும் வாய்க்கும் கொஞ்சம் கூட்டிக்கொள்வது. முழு உருவம் எட்டு, பத்துத் துண்டாகத்தான் வரும். துண்டுகளை அதே கலவைக் கம்பி கொண்டே ஒட்டவேண்டும். கண்டதைப் போட்டு வெல்டிங் செய்தால் அன்று தெரியாது. நிறமேற்றியதும் கழுத்தைச் சுற்றித் தழும்பு போல ஒரு கோடு எழும்பும்.

மூக்குக் கண்ணாடியைத் தலையோடு சேர்த்து வார்க்கச் சொல்லாதீர்கள். அவ்வளவு மெல்லிய கம்பிக்குள் உலோகம் ஓடி முடிப்பதற்குள் உறைந்துவிடும். 3 அல்லது 4 மில்லிமீட்டர் வெண்கலக் கம்பியை வளைத்துத் தனியாகச் செய்து, மூக்கிலும் இரு காதிலும் ஒட்டவேண்டும். கைத்தடிக்கும் இதே முறை.

வெண்கலம் ஆறும்போது ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு சுருங்கும். 2.1 மீட்டரில் அது 3, 4 சென்டிமீட்டர். களிமண்ணில் அளந்து பீடத்தில் போல்ட்டை முன்கூட்டியே ஊன்றிவிட்டு, கிரேன் வந்த நாளில் பாதமும் போல்ட்டும் பொருந்தாமல் விழித்து நிற்பது இதனால்தான். வார்த்து முடித்த பாதத்தின் அடியில் அட்டை வைத்துத் துளைகளைக் குறித்துக்கொண்டு, அதன்படி பீடத்தில் துளையிடுங்கள். கம்பிகள் 316 ரக எவர்சில்வராக இருக்கட்டும். சாதாரண இரும்பு வெண்கலத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் இரும்பு வேகமாகத் துருப்பிடித்துத் தின்னப்பட்டுவிடும். வேட்டி கட்டிய உருவத்துக்குக் கணுக்கால் இரண்டும்தான் எல்லாப் பாரத்தையும் தாங்கும். உள்ளே எவர்சில்வர் குழாய் முழங்கால் வரை ஏற வேண்டும். அடியில் விரல் நுழையும் அளவு வடிகால் துளை இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும் நீர் தங்கும். பொது இடமென்றால் மாநகர் மன்ற அனுமதியும் பொறியாளர் வரைபடமும் வேண்டும். அந்தக் கோப்பை ஆறாம் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

பணமோ காலமோ இல்லாதவர்கள் பைபர் சிலைக்குப் போவது குற்றமில்லை. கூரைக்கு அடியில், மண்டபத்துக்குள் வையுங்கள். வெயிலில் வைத்தால் சில ஆண்டுகளில் மேல்பூச்சு சுண்ணாம்பு போல் உதிரத் தொடங்கும். அவசரத்தில் செய்த முழு உருவத்தைவிட, நிதானமாகச் செய்த மார்பளவு வெண்கலம் எவ்வளவோ மேல். அதற்கு 40, 50 கிலோ உலோகமும் ஆறேழு மாதமும் போதும்.

வெண்கலத்தின் மேல் தங்கப் பெயிண்ட் அடிக்கும் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பத்துமலையில் 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் கான்கிரீட்; அதற்குப் பொன் பூச்சு பொருந்தும். வெண்கலத்தைச் சூடாக்கி ரசாயனம் தடவி வரவழைத்த பழுப்பு நிறம் உலோகத்தின் தோல். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் முகத்தின் நுண்ணிய கீறல்கள் எல்லாம் அடைபட்டுவிடும். பிராஸோ போட்டுத் துலக்குவதும் கூடாது. குத்துவிளக்கு வேறு, சிலை வேறு. பிறந்தநாளுக்கு மாலை போடுங்கள், ஆனால் மறுநாளே எடுத்துவிடுங்கள். நாலைந்து நாள் அழுகிய பூவின் சாறு மார்பில் பச்சைக் களிம்பாக வழியும். மாலைக் கம்பி கழுத்தைக் கீறும். சந்தனமும் குங்குமமும் மடிப்பில் புகுந்தால் எடுப்பது பெரும்பாடு. ஆண்டுக்கு இரண்டு முறை காரமில்லாத சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெழுகு தடவித் துணியால் துடைத்தால் போதும். கடலோரமென்றால் உப்புக்காற்று உண்டு. மழையில்லாத மாதங்களில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவதை அடிக்கடி செய்யுங்கள்.

கடைசியாகப் பெயர்ப்பலகை. ஓராண்டு உழைப்புக்குப் பிறகு பலகையில் "கொ" உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்பதை எத்தனை இடத்தில் பார்க்கிறோம்! வெட்டும் கடையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இருக்க மாட்டார். அவர்கள் கணினியில் நம் எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்துகள் இடம் மாறி விழும். எழுத்தாக அனுப்பாமல், எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிய கோப்பாக அனுப்புங்கள். உலோகத்தில் வெட்டுமுன் அசல் அளவில் தாளில் அச்சிட்டு வாங்கி, பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, ஒற்று எல்லாவற்றையும் பள்ளித் தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்தம் வாங்கிக்கொள்ளுங்கள். வரிசையில் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குப் பின்னோக்கி வாசித்தால் பிழை சட்டென்று கண்ணில் படும்.

இப்படிக்கு,
வார்ப்புச் சிலை வேலையில் இருக்கும் வாசகர்கள்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.